லேப்டாப்பில் வை-பி விட்டு விட்டு வருகிறதா?

வை-பி இணைப்பு அடியோடு போய்விட்டால் அவ்வளவு சிக்கல் இல்லை. எங்கே கோளாறு என்று சீக்கிரம் தெரிந்துவிடும். விட்டு விட்டு வரும் இணைப்புதான் நம்மைப் படுத்தி எடுக்கிறது. சரி செய்ய ஆள் வந்தால் ஒழுங்காக வேலை செய்யும். அவர் படி இறங்கியதும் மறுபடி போய்விடும். இதனால் பலர் ஊகத்தில் இறங்கிவிடுகிறார்கள். ரூட்டரை மாற்றுகிறார்கள், அதிக வேகத் திட்டத்திற்குப் பணம் கட்டுகிறார்கள், கடைசியில் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி பதிகிறார்கள். பிரச்னை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஊகிக்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியை இங்கு பார்க்கலாம். இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். ஒன்று, இணைப்பு எந்த இடத்தில் அறுகிறது? இரண்டு, எப்போது அறுகிறது? நான் நேரில் பார்த்த ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக் கொள்வோம்.

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் அபார்ட்மெண்டில், கீழ் வீட்டு மாமி வீணை கற்றுத் தருகிறார். 2020ல் கொரோனா ஊரடங்கின் போது ஆன்லைனில் வகுப்பு தொடங்கியவர், அதன் பிறகு நிறுத்தவில்லை. அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரவு எட்டு மணி என்றால், கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30. வகுப்பு நடக்கும் போது மட்டும் லேப்டாப்பில் இணைப்பு போய்ப் போய் வந்தது. கமகம் வாசித்துக் காட்டும் இடத்தில் திரை உறைந்துவிடும். ரூட்டர் மாற்றியாகிவிட்டது. வேகம் இரட்டிப்பாக உள்ள திட்டத்திற்கு மாறியாகிவிட்டது. யாரோ வந்து லேப்டாப்பை பார்மட்டும் செய்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு மாணவிகள் நின்றுவிட்டார்கள். "இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு பார்க்கறேன்ப்பா. பாதிப் பாட்டுல அறுந்தா குழந்தைகளுக்கு என்ன வரும்?" என்றார் மாமி.

1. இணைப்புக்கு இரண்டு பாதிகள்

உங்கள் லேப்டாப்பிலிருந்து இண்டர்நெட் வரை செல்லும் பாதையை இரண்டாகப் பிரித்துக் கொள்ளுங்கள். லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை உள்ளது உள் பாதி. இதுதான் உண்மையில் வை-பி. ரூட்டரிலிருந்து கேபிள் வழியாக இண்டர்நெட் தரும் நிறுவனம் வரை செல்வது வெளிப் பாதி. எது அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்காது, வீடியோ உறைந்துவிடும். ஆனால் தீர்வுகள் முற்றிலும் வேறு. உள் பாதியில் கோளாறு இருக்கும் போது நிறுவனத்திற்குப் போன் செய்து பயன் இல்லை. வெளிப் பாதியில் கோளாறு இருக்கும் போது லேப்டாப்பை பார்மட் செய்தும் பயன் இல்லை.

வேகமான திட்டமும் இதற்கு மருந்து ஆகாது. ஒரு வீடியோ அழைப்புக்கு நொடிக்கு மூன்று நான்கு மெகாபிட் கிடைத்தாலே போதும். அது இடைவிடாமல் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். தெருக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் வீட்டில் பெரிய டேங்க் கட்டியா சரி செய்வோம்?

2. இரண்டு விண்டோ சோதனை

இந்தச் சோதனைக்கு எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

முதலில் ஸ்டார்ட் மெனுவில் சி.எம்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவைத் திறக்கவும். அதில் ஐபிகான்பிக் என ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் பட்டியலில் வயர்லெஸ் பகுதியில் டிபால்ட் கேட்வே என்ற வரியைப் பாருங்கள். அங்கே 192.168.1.1 என்பது போல் ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் ரூட்டரின் முகவரி. குறித்துக் கொள்ளுங்கள்.

இப்போது பிங் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைத் தந்து, மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் அதை ஒட்டி டி எழுத்தும் தந்து என்டர் தட்டவும். வரிகள் நொடிக்கு ஒன்றாக ஓடத் தொடங்கும். நிறுத்தாதீர்கள். இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவைத் திறந்து அதே கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்குத் தரவும். இது கூகுள் நிறுவனம் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் சர்வர். இரண்டு விண்டோக்களையும் அருகருகே வைத்துக் கொண்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். இணைப்பு தடைபடும் கணத்தில் இரண்டையும் கவனியுங்கள்.

இரண்டு விண்டோக்களிலும் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று வந்தால், அல்லது டைம் என்பதற்கு எதிரே உள்ள மில்லி செகண்ட் எண் நூற்றுக் கணக்கில் தாவினால், கோளாறு உள் பாதியில். உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

ரூட்டர் விண்டோ சீராக ஓடி, இரண்டாவது விண்டோ மட்டும் நின்றால், கோளாறு வெளிப் பாதியில்.

இரண்டும் சீராக ஓடும் போதே ஒரு தளமோ ஒரு புரோகிராமோ மட்டும் திறக்கவில்லை என்றால், உங்கள் வை-பி மேல் குற்றம் இல்லை. அந்தத் தளத்தையோ, ஆபீஸ் வி.பி.என். இணைப்பையோ, டி.என்.எஸ். செட்டிங்கையோ பார்க்க வேண்டும்.

சோதனையை நிறுத்த கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்தவும். எத்தனை அனுப்பியதில் எத்தனை தொலைந்தன என்ற கணக்கு கடைசியில் கிடைக்கும்.

மாமி வீட்டில் ஒரு மாலையில் உட்கார்ந்து இருபது நிமிடம் இந்தச் சோதனையை ஓட்டினேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. மூன்று நான்கு மில்லி செகண்டில் ரூட்டர் பதில் தந்தது. "பாத்தியா, நீ வந்தா நன்னா இருக்கு" என்று சிரித்தார் மாமி. அப்போதுதான் இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டியதாயிற்று.

3. எப்போது அறுகிறது?

வை-பி இணைப்பு பற்றிய குறிப்புகளை விண்டோஸ் தானாகவே எழுதி வைக்கிறது. அதை அறிக்கையாகப் பெறலாம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டை ரைட் கிளிக் செய்து ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்ந்தெடுத்துத் திறக்கவும். அதில் நான்கு சொற்கள் கொண்ட கட்டளை தர வேண்டும். முதல் சொல் என்.இ.டி.எஸ்.எச். இரண்டாவது டபிள்யூ.எல்.ஏ.என். மூன்றாவது ஷோ. நான்காவது, இரண்டாவது சொல்லையும் ரிப்போர்ட் என்பதையும் சேர்த்து எழுதிய ஒரே சொல். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வேண்டாம், சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டால் போதும். என்டர் தட்டினால் அறிக்கை தயாராகி, அந்தப் பைல் எங்கே இருக்கிறது என்றும் காட்டப்படும். அதை பிரவுசரில் திறந்து பாருங்கள். கடந்த மூன்று நாட்களில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, காரணமாக விண்டோஸ் எதைக் கருதுகிறது என எல்லாம் நேர வாரியாக இருக்கும்.

இந்த நேரங்களை வீட்டு நடப்புகளோடு ஒப்பிடுங்கள். மாலை ஏழு முதல் பத்து வரை மட்டும் சிக்கல் என்றால் பக்கத்து வீட்டு வை-பிக்களின் நெரிசலைச் சந்தேகிக்கலாம். சமையல் நேரத்தில் என்றால் மைக்ரோவேவ் அடுப்பு. மதியம் வெயில் ஏறியதும் என்றால் ரூட்டர் சூடாவது. லேப்டாப்பைச் சிறிது நேரம் தொடாமல் விட்ட பிறகு என்றால் மின்சாரம் மிச்சப்படுத்தும் செட்டிங்.

மாமியின் லேப்டாப்பில் அறுந்த நேரங்கள் எல்லாம் காலை 5.30க்கும் 7 மணிக்கும் இடையில் இருந்தன. பக்கத்து வீட்டு நெரிசல் என்று சொல்ல முடியாது, அந்த நேரத்தில் கட்டடத்தில் பாதிப் பேர் தூக்கத்தில். மைக்ரோவேவ் அந்த வீட்டில் இல்லை. அப்படியானால் வகுப்பு நேரத்தில் மட்டும் அந்த மேஜையில் என்ன மாறுகிறது?

4. காலை ஐந்தே கால் மணிக்கு

மறுநாள் காலை 5.15க்குப் போனேன். இரண்டு விண்டோக்களையும் ஓட விட்டேன். சீராக ஓடின. மாமி வீணையை எடுத்து வைத்தார், கண்ணாடியைப் போட்டுக் கொண்டார், பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்ன எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை எடுத்து லேப்டாப்பில் செருகினார். வகுப்பை ரெக்கார்ட் செய்து பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகப் பேரன் வாங்கித் தந்தது. டிஸ்க் சுற்றத் தொடங்கிய சில நொடிகளில் ரூட்டர் விண்டோவில் 4 என்றிருந்த எண் 180 ஆனது, 640 ஆனது, பிறகு ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட். கூடவே இரண்டாவது விண்டோவும் நின்றது. டிஸ்கை முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றினேன். மறுபடி 4. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம். மூன்று முறையும் அதே கதை.

ஹார்ட் டிஸ்குக்கும் வை-பிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். யு.எஸ்.பி. 3.0 இணைப்பில் தகவல் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் கேபிளிலும் கனெக்டரிலும் இருந்து மெல்லிய ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் விழும் இடங்களில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பழைய வை-பி வேலை செய்வதும் அதே இடத்தில்தான். இண்டெல் நிறுவனமே 2012ல் இது பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் அவ்வப்போது தடுமாறுவதற்கும் இதே காரணம் இருக்கலாம்.

இரைச்சல் இருக்கும் போது சிக்னல் கோடுகள் குறையாமல் நிறைவாகவே காட்டலாம். எல்லோரையும் ஏமாற்றியது இதுதான். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று நண்பரோடு பேசிப் பாருங்கள். நண்பரின் குரல் குறைந்துவிடவில்லை. ஆனால் காதில் விழாது. "என்ன, என்ன" என்று கேட்டுக் கேட்டு, ஒரு வாக்கியம் பேசும் நேரத்தில் இரண்டு சொல்தான் போய்ச் சேரும். லேப்டாப்பும் ரூட்டரும் அதைத்தான் செய்து கொண்டிருந்தன.

மாமியின் போனில் மட்டும் எல்லாம் நன்றாக இருந்ததற்கும் விடை கிடைத்தது. போன் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தது. லேப்டாப்பில் இருப்பது 2.4 மட்டுமே அறிந்த பழைய வை-பி கார்டு.

5. இதற்கான தீர்வுகள்

செலவில்லாத தீர்வு, டிஸ்கை யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகுவது. யு.எஸ்.பி. 3.0 போர்ட்டின் உள்நாக்கு பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். 2.0 போர்ட்டில் கருப்பாக இருக்கும். வேகம் குறையும்தான், ஆனால் ஒரு வகுப்பை ரெக்கார்ட் செய்ய அதுவே தாராளம். 2.0 போர்ட் இல்லாத லேப்டாப் என்றால், நன்கு உறையிட்ட நல்ல கேபிள் மூலம் டிஸ்கை லேப்டாப்பிலிருந்து தள்ளி வைக்கலாம்.

லேப்டாப்பும் ரூட்டரும் 5 கிகாஹெர்ட்ஸை ஆதரித்தால் அதற்கு மாறிக் கொள்வது நல்லது. எதில் இணைந்திருக்கிறீர்கள் என்பதை அறிய, செட்டிங்ஸ் சென்று நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட் பிரிவில் வை-பி தேர்ந்தெடுத்து, உங்கள் இணைப்பின் பிராப்பர்டீஸைத் திறக்கவும். நெட்வொர்க் பேண்ட் என்ற வரியில் 2.4 அல்லது 5 என்றிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. இந்தியாவில் 2018 அக்டோபரில் இந்த அலைவரிசையில் உரிமம் இன்றிப் பயன்படுத்தும் பகுதி மேலும் விரிவாக்கப்பட்டது. ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4 அளவுக்கு இது வல்லதல்ல.

கார்டு பழையது என்றால் இரண்டு அலைவரிசைகளையும் ஆதரிக்கும் யு.எஸ்.பி. வை-பி அடாப்டர் வாங்கிச் செருகலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிறியதாகவும் ஆண்டெனா வைத்ததாகவும் பலவகை கிடைக்கும். வாங்கும் போது டூயல் பேண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

ஓரிடத்தில் உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு எல்லாவற்றிலும் சிறந்த தீர்வு, ரூட்டரிலிருந்து நேராக ஒரு லேன் கேபிள். நேர்முகத் தேர்வு, வகுப்பு போன்ற முக்கிய வேலைகளுக்கு நான் கேபிளைத்தான் நம்புகிறேன்.

6. உள் பாதியில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

மின்சார மிச்சம்: ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திறக்கவும். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பிரிவில் உங்கள் வை-பி கார்டில் டபுள் கிளிக் செய்து, பவர் மேனேஜ்மெண்ட் டேபில் அலவ் த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆப் திஸ் டிவைஸ் என்று தொடங்கும் வரியில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கிளிக் செய்திடவும். சில புதிய லேப்டாப்களில் இந்த டேப் இருக்காது. அது கோளாறு அல்ல.

டிரைவர்: விண்டோஸ் அப்டேட் ஆன நாளிலிருந்து பிரச்னை தொடங்கியது என்றால், அதே விண்டோவில் டிரைவர் டேப் சென்று ரோல் பேக் டிரைவர் கிளிக் செய்து பழைய டிரைவருக்குத் திரும்பலாம். வெகுநாளாக இருக்கும் பிரச்னை என்றால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் பதியவும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ரூட்டரின் இடம்: கேபிள் இழுத்தவர் வாசற்கதவு பக்கம் எங்கே ஆணி கிடைத்ததோ அங்கே ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். மாட வீதிகளைச் சுற்றியுள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர் இரண்டைத் தாண்டினாலே சிக்னல் களைத்துவிடும். புது அபார்ட்மெண்ட்களில் கான்கிரீட் தூண்கள். இரும்பு பீரோ, அதன் நிலைக்கண்ணாடி, பிரிட்ஜ், தண்ணீர் நிரம்பிய பாத்திரங்கள் எல்லாமே சிக்னலுக்கு எதிரிகள். வீட்டின் நடுவில், தலை உயரத்திற்கு மேல், திறந்த இடத்தில் ரூட்டரை வைக்கவும். டி.வி. ஷோகேஸுக்குள் கதவு மூடி வைத்தால் கத்திரி வெயிலில் சூடாகித் தானே ரீஸ்டார்ட் ஆகலாம்.

சேனல்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். தி.நகரிலோ அடையாறிலோ இருபது வீடுகள் உள்ள கட்டடத்தில் எல்லோரும் இந்த மூன்றைத்தான் பங்கு போட வேண்டும். ரூட்டர் முகவரியை பிரவுசரில் தந்து உள்ளே சென்று, வயர்லெஸ் பிரிவில் இம்மூன்றில் கூட்டம் குறைந்ததை அமைக்கவும். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என வைக்கவும்.

7. வெளிப் பாதியில் கோளாறு என்றால்

பைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் பைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். மாடிக்கு மாடி இழுத்த கேபிள் மரக்கிளை பட்டோ மடங்கியோ போயிருக்கலாம். பெட்டியின் பின்னால் கேபிள் கூர்மையாக மடங்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலும் ரூட்டர் ஆப் ஆகி மறுபடி எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும். வீட்டில் இன்வெர்டர் இருந்தும் ரூட்டர் செருகிய பிளக் அதில் சேராமல் இருப்பது பல வீடுகளில் நடக்கிறது. மெயினை ஒருமுறை ஆப் செய்து சோதியுங்கள். இல்லையென்றால் ரூட்டருக்கான மினி யு.பி.எஸ். வாங்கலாம். அடாப்டரில் எழுதியுள்ள வோல்டேஜும் யு.பி.எஸ். தரும் வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிறுவனத்திற்குப் புகார் செய்யும் முன், லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து இரண்டு விண்டோ சோதனையை மறுபடி செய்யுங்கள். வெளி விண்டோ மட்டும் நிற்பதைப் போட்டோ எடுத்து வையுங்கள். "உங்க லேப்டாப்பைப் பாருங்க சார்" என்ற பதிலை அது நிறுத்திவிடும்.

8. கடைசியாகச் செய்ய வேண்டியது

எதுவும் பலிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் சென்று நெட்வொர்க் ரீசெட் தரலாம். சேமித்து வைத்த வை-பி பாஸ்வேர்டுகள் எல்லாம் அழிந்துவிடும், எனவே முதலில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பார்மட் செய்வது இதற்கும் பிறகுதான்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்து பிரச்னை திரும்புகிறதா என்றும் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றி இணைப்பு சரியானால், எது காரணம் என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாமி வீட்டில் அன்று காலை டிஸ்கை மறுபக்கம் இருந்த கருப்பு போர்ட்டில் செருகினோம். வகுப்பு ஏழு மணி வரை ஒருமுறைகூட அறாமல் நடந்தது. அடுத்த மாதம் இண்டர்நெட் திட்டத்தைப் பழைய குறைந்த கட்டணத்துக்கே மாற்றிக் கொண்டார். நின்றுபோன மாணவிகளில் ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாள்.